மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளும் காற்றோட்டத் தெரிவும்

ஒரு வீட்டைப் பற்றிப் பேசும்போது அதன் பரப்பு எத்தனை சதுர அடி என்று கேட்கின்றோம். சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா தகடா என்று கேட்கின்றோம். அவ்வீட்டினுள் காற்று எவ்வழியாக நுழைந்து எவ்வழியாக வெளியேறுகின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. வீடு கட்டி முடிந்து, முதற் கோடை வந்து, கூரையின் கீழ் உறக்கமின்றிக் கிடக்கும் இரவுகளிலேதான் இக்கேள்வி எழுகின்றது. அப்போது எஞ்சியிருக்கும் விடை மின்விசிறி ஒன்றே. காற்றோட்டம் வீடு கட்டியபின் வாங்கிப் பொருத்தும் பொருளாகக் கருதப்படுவதன் காரணங்களையும், வாவிக்கரையின் இயற்கை, சமூக நிலைமைகளுக்கேற்ற தெரிவு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. இருவேறு பிரச்சினைகள்

காற்றோட்டம் பற்றிய இன்றைய தொழில்நுட்ப எழுத்துக்களிற் பெரும்பகுதி குளிர் நாடுகளிலே தோன்றியது. அங்கு வீட்டினுள்ளே உண்டாக்கிய வெப்பம் விலையுயர்ந்த செல்வம். கதவிடுக்கிலும் சாளர விளிம்பிலும் நுழையும் குளிர்காற்று அச்செல்வத்தைத் திருடிச் செல்கின்றது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் இடுக்குகளை அடைத்து வீட்டை இறுக்கமாக்கும் முயற்சி வலுப்பெற்றது. ஆயின் இறுக்கிய வீட்டிலே ஈரமும் மாசும் தேங்கின. வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் பொறி இம்முரண்பாட்டைத் தீர்க்க வந்தது. 1977இல் கனடாவின் றெஜைனா நகரிற் கட்டப்பட்ட சஸ்கற்சுவான் சேமிப்பு வீடும், 1991இல் ஜேர்மனியின் டாம்ஸ்ராட் நகரில் எழுந்த வீடுகளும் இவ்வழியின் முன்னோடிகள். புலம்பெயர்ந்த எம்மவர் பலர் இன்று வாழும் வீடுகளில் இத்தகைய பொறிகள் இயங்குகின்றன.

வாவிக்கரையிலே பிரச்சினை தலைகீழானது. இங்கு வெப்பத்தைக் காப்பதற்கில்லை, வெளியேற்றவே வேண்டியுள்ளது. அங்கு உடலிற் படும் காற்று தொல்லை. இங்கு அதுவே மருந்து. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் உடலின் மீது காற்று வீசுமாயின் வெப்பநிலை ஏறத்தாழ 3 பாகை குறைந்தாற் போன்ற உணர்வு உண்டாகும். எனினும் இரு நாட்டு வீடுகளுக்கும் பொதுவான பாடம் ஒன்றுண்டு: காற்றோட்டம் வீட்டின் அமைப்போடு சேர்த்துத் தீர்மானிக்கப்பட வேண்டியது. அங்கு பொறியை முன்னெண்ணிச் சுவரைக் கட்டுகின்றனர். இங்கும் காற்றை முன்னெண்ணியே சுவரைக் கட்டுதல் வேண்டும்.

2. வாவியும் காற்றும் வெயிலும்

மட்டக்களப்பு வாவி கடற்கரையை ஒட்டி, வடக்குத் தெற்காக, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது. அதன் கிழக்குப் பக்கம் எழுவான்கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே இக்கரைகளுக்குப் பெயராயின. வீட்டுக் காற்றோட்டத்துக்கும் இத்திசைகளே அடிப்படை.

வடகீழ்ப் பருவக்காலத்தில், சிறப்பாக நவம்பர் முதல் ஜனவரி வரை, வாடை கடலிலிருந்து மழையுடன் வருகின்றது. ஆண்டு மழைவீழ்ச்சியான ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றரிற் பெரும்பங்கு இம்மாதங்களையொட்டியே பெய்கின்றது. மே முதல் ஓகஸ்ற் வரை கச்சான் மேற்கிலிருந்து வீசுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மறுபுறத்தில் மழையை இழந்து, இப்புறம் இறங்கும்போது அமுக்கத்தால் வெப்பமடைந்து, வறண்ட காற்றாக இச்சமவெளியை அடைகின்றது. கடற்காற்று அதனை எதிர்த்து உள்ளே வரும் பிற்பகல்களிற் சற்றுத் தணிவு பிறக்கும். எவ்வாறாயினும் இப்பிரதேசத்தின் முக்கிய காற்றுக்கள் கிழக்கையும் மேற்கையும் சார்ந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

வெயிலும் அவ்விரு திசைகளையே சார்ந்தது. மட்டக்களப்பு நகர் வடஅகலக்கோடு 7 பாகை 43 கலையில் அமைந்துள்ளது. ஏப்பிரல் மாதத்தின் இரண்டாம் வாரத்திலும் செப்ரெம்பர் மாதத் தொடக்கத்திலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். இத்தகைய இடத்திலே வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் பெறும் வெயில் குறைவு. சிறிய இறப்பே அவற்றுக்குப் போதுமானது. கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலை நேராக வாங்குகின்றன.

இங்கேதான் இப்பிரதேசத்துக்குரிய முரண்பாடு தோன்றுகின்றது. வெயிலை மட்டும் எண்ணினால் வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குதல் வேண்டும். காற்றை மட்டும் எண்ணினால் அவை கிழக்கையும் மேற்கையும் நோக்குதல் வேண்டும். வெப்பவலய வீடமைப்புப் பற்றி ஒட்டோ கோனிக்ஸ்பேகரும் அவர்தம் துணையாசிரியர்களும் 1970களில் எழுதிய கைந்நூல் முதலாகப் பல நூல்கள் பொதுவிதிகளைத் தருகின்றன. ஈரவெப்பப் பிரதேசத்தில் அறைகள் ஒற்றை வரிசையாக அமையவேண்டும், சாளரத் திறப்பு சுவர்ப் பரப்பின் 40 முதல் 80 வீதம் வரை இருக்கலாம் என்பன அத்தகையன. பொதுவிதி வழிகாட்டும், குறித்த வளவிலே நின்று தீர்மானிப்பது எமது பொறுப்பு. வாவிக்கரையிலே கிழக்கு மேற்குச் சுவர்களில் அகன்ற திறப்புகளை விட்டு, அவற்றின் முன்னே ஆழமான விறாந்தையோ மரநிழலோ அமைப்பதே இம்முரண்பாட்டைத் தணிக்கும் வழி. விறாந்தை வெயிலை மறிக்கும், காற்றை மறியாது.

3. பழைய வீடு தந்ததும் தராததும்

மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட பழைய வீட்டைப் புகழ்வது இன்று எளிது. அவ்வீட்டின் சாளரங்கள் சிறியன, உள்ளே இருள், கூரையை ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை வேயவேண்டும், தீயும் கறையானும் எப்போதும் அச்சம் தருவன. ஆயினும் வெப்பத்தைக் கையாள்வதில் அவ்வீடு மூன்று செயல்களைச் சரியாகச் செய்தது. கிடுகு வெயிலை உள்ளே கடத்தவில்லை. சுவர் உச்சிக்கும் கூரைக்கும் இடையே விடப்பட்ட வெளி, மேலெழும் சூட்டை இரவும் பகலும் வெளியேற்றியது. சமையல் வேறொரு கொட்டிலிலோ விறாந்தைக் கோடியிலோ நடந்தமையால் அடுப்பின் வெப்பம் படுக்குமிடத்தை அடையவில்லை. வளவின் எல்லையில் நின்ற கிடுகு வேலியும் கம்பு வேலியும் பார்வையை மறைத்தனவேயன்றிக் காற்றை முற்றாக மறைக்கவில்லை.

1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி இவ்வீட்டின் காலத்தை முடித்துவைத்தது எனலாம். 900க்கு மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்ட அவ்விரவின் பின்னர், கல்வீடு என்பது வசதியின் அடையாளமாக மட்டுமன்றி உயிர்க்காப்பின் அடையாளமாகவும் ஆயிற்று. அவ்விருப்பம் முற்றிலும் நியாயமானது. ஆனால் கல்வீடு வந்தபோது பழைய வீட்டின் மூன்று செயல்களும் உடன் வரவில்லை. சுவர் கூரைவரை எழுந்தது, இடைவெளி அடைபட்டது. கிடுகின் இடத்தை அஸ்பெஸ்ரஸ் தகடும் நாகத் தகடும் கொண்டன. அடுப்பு அதே கூரையின் கீழ் வந்தது. வேலி மதிலாயிற்று.

4. அளக்கப்படாத காற்று

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையின் பின்னர் மாவட்டத்திலே பெருந்தொகையான வீடுகள் குறுகிய காலத்திற் கட்டப்பட்டன. கொடை நிறுவனங்கள் கட்டும் வீட்டுக்கு 500 சதுர அடி என்ற அளவு வகுக்கப்பட்டது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலான ஒடுங்கிய மணல்நிலமான நாவலடியில் இருபுற நீர்க்காற்றிலும் வாழ்ந்த மக்களுட் பலர் திராய்மடுவிற் குடியேற்றப்பட்டனர். இடம் மாறியபோது காற்றும் மாறிற்று. ஆனால் வீட்டுத் திட்டங்கள் பரப்பையும் செலவையும் அளந்தன. காற்றின் வழியை அளக்கும் கோல் அவற்றில் இருக்கவில்லை. ஒரே வரைபடம் தெருவின் இருபுறத்திலும் எதிரெதிராகத் திருப்பிவைக்கப்படும்போது, ஒரு வரிசையின் படுக்கையறை காற்றை நோக்கும். மறுவரிசையின் படுக்கையறை மேற்கு வெயிலை நோக்கும். இதனைத் தவறென்று காட்டும் பத்தி எதுவும் கணக்கேட்டில் இல்லை.

2016இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது இப்பிரச்சினை பொது விவாதமாயிற்று. ஏறத்தாழ 8 இலட்சம் ரூபா உதவியுடன் கல்வீடு கட்டப்பட்டுவந்த காலத்தில், முன்தயாரித்த உருக்கு வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா மதிப்பிடப்பட்டது. பல்கலைக்கழகப் பொறியியலாளரும் சமூக ஆய்வாளரும் மக்கள் பிரதிநிதிகளும் அதனை எதிர்த்தனர். செலவு, அத்திவாரம், உள்ளூர்த் தொழிலாளரின் வேலையிழப்பு ஆகியவற்றுடன் காற்றோட்டக் குறைவும், விறகடுப்புக்கு இடமின்மையும் எதிர்ப்பின் காரணங்களாயின. முன்மொழியப்பட்ட அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. வீட்டின் வெப்பமும் புகையும் ஆட்சியின் தீர்மானங்களோடு தொடர்புடைய அரசியற் பொருள்கள் என்பதை அவ்விவாதம் தெளிவாக்கிற்று.

5. தெரிவின் வரிசை

காற்றோட்ட முறையைத் தெரிவுசெய்வோர் முதலில் அறியவேண்டியது, காற்று எல்லா வெப்பத்தையும் நீக்காது என்பதாகும். நண்பகல் வெயிலில் தகட்டுக் கூரையின் வெப்பநிலை 50 பாகையையும் தாண்டக்கூடும். அதன் கீழே இருப்பவர்மீது அக்கூரை அடுப்புப் போலக் கதிர்வீசும். இக்கதிர்வீச்சைச் சாளரக் காற்று தடுப்பதில்லை. ஆகவே முதலாவது தெரிவு கூரையே. இயலுமாயின் ஓடு, தகடாயின் வெள்ளைப் பூச்சும் கீழே உட்கூரையும், உட்கூரைக்கும் தகட்டுக்கும் இடையே தேங்கும் சூடு வெளியேற இருபக்க முகப்புச் சுவர்களிலும் திறப்புகள். ஏற்கெனவே அஸ்பெஸ்ரஸ் இட்ட வீடுகளில் தகட்டைத் துளைத்தோ வெட்டியோ வழி செய்தல் தகாது. அதனால் எழும் தூசி புற்றுநோய்க்குக் காரணமானது. சுவரில் வழி செய்வதே ஏற்றது.

இரண்டாவது தெரிவு குறுக்குக் காற்றோட்டம். 10 அடி அகலமும் 12 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட அறையின் கனவளவு ஏறத்தாழ 34 கனமீற்றர். எதிரெதிர்ச் சுவர்களில் அரைச் சதுர மீற்றர்த் திறப்பு ஒவ்வொன்று இருக்க, செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகக் காற்று நேராக வருமாயின், வழக்கமான கணிப்பின்படி மணிக்கு ஏறத்தாழ 1,080 கனமீற்றர் காற்று கடந்து செல்லும். அஃதாவது அறையின் காற்று முப்பது தடவைக்கு மேல் மாறும். ஒரு சுவரில் மட்டும் சாளரம் இருப்பின், அது எத்துணை பெரிதாயினும், இப்பயன் பெருமளவு குறையும். வெளியேற வழியில்லாத இடத்திற் காற்று நுழைவதில்லை. படுக்கையறைக்கு வெளிச்சுவர் ஒன்றுதான் உண்டெனில், உட்சுவரின் மேற்பகுதியில் துளையுள்ள சீமெந்துக் கற்களைப் பதித்துக் காற்றைக் கூடத்தின் வழியாக மறுபுறம் கொண்டுசெல்லலாம்.

மூன்றாவது தெரிவு மேலேறும் காற்றோட்டம். சூடான காற்று மேலெழுந்து உயர்ந்த திறப்பால் வெளியேற, குளிர்ந்த காற்று தாழ்ந்த திறப்பால் நுழையும். மேற்கூறிய அளவுத் திறப்புகள் இரண்டு மீற்றர் உயர வேறுபாட்டில் அமைந்து, உள்ளும் வெளியும் 3 பாகை வேறுபட்டால், மணிக்கு ஏறத்தாழ 475 கனமீற்றர் காற்று மாறும். சூட்டையும் ஈரத்தையும் புகையையும் போக்க இது போதும். ஆயினும் இக்காற்று உடலில் உணரத்தக்க வேகம் உடையதன்று. காற்றடிக்காத இரவுக்கும், காற்று வரவழியில்லாத நெருக்கமான குடியிருப்புக்கும் இது இன்றியமையாத துணை. இலங்கையின் மிக நெருக்கமான குடியிருப்புகளுள் ஒன்றாகிய காத்தான்குடியிலே, அடுத்தடுத்த சுவர்கள் ஒட்டிநிற்கும் வளவுகளில், கிழக்கையும் மேற்கையும் பற்றிப் பேசுவது பயன் தராது. அங்கு சிறியதொரு நடுமுற்றமும் உயர்ந்த திறப்புகளுமே காற்றின் வாயில்கள்.

இயந்திரங்கள் இவற்றின் பின்னரே வருவன. கூரை மின்விசிறி ஏறத்தாழ 70 வாற்று மின்சாரத்தில் இயங்கும். அறையொன்றைக் குளிரூட்டும் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 1,000 வாற்று வேண்டும். சுவரிற் பொருத்தும் வழக்கமான குளிரூட்டி அறைக்குள் உள்ள காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றுகின்றது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அது பொருத்திய அறை குளிர் நாட்டு வீட்டின் நியதிக்கு உட்படுகின்றது: இடுக்குகளை அடைக்கவேண்டும், கசிவைத் தடுக்கவேண்டும். முதியோரும் நோயாளரும் உள்ள வீட்டில் அவ்வாறு ஓரறையை ஒதுக்குவது தக்கதே. வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடுகள் சில முழுவதுமே திறவாக் கண்ணாடியால் மூடப்படுவது வேறு விடயம். 2022 மார்ச் இறுதியில் நாள்தோறும் 13 மணிநேரம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது, திறக்கக்கூடிய சாளரமே எஞ்சிய காற்றோட்ட முறையாக இருந்தது.

6. எதிர்நிற்கும் நியாயங்கள்

சாளரத்தைத் திறந்துவையுங்கள் என்று கூறுவது எளிது. மக்கள் அதனை மூடிவைப்பதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. அவற்றை அறியாமை என்று ஒதுக்கும் ஆய்வு பயன் தராது.

முதலாவது நுளம்பு. வலை பொருத்தினால் காற்றோட்டம் மூன்றிலொன்று முதல் பாதிவரையும் அதற்கு மேலும் குறையலாம். ஆகவே வலையிடும் சாளரம் பெரிதாக இருத்தல் வேண்டும். விறாந்தை முழுவதையும் வலையால் அடைப்பது, பரப்பு மிகுவதால், சாளரத்தை மட்டும் அடைப்பதிலும் சிறந்தது.

இரண்டாவது சூறாவளி அச்சம். ஒரு பக்கம் உடைந்து திறந்த வீட்டினுள் புகும் காற்று உள்ளிருந்து கூரையைத் தள்ளும். மேலோடும் காற்று வெளியிலிருந்து அதனை உறிஞ்சும். இவ்விரண்டும் சேரக் கூரை பறக்கும். உறுதியான பலகைக் கதவுகளால் மூடத்தக்க திறப்புகளும், சுவரோடு இறுகக் கட்டிய கூரையும், பிரதான கூரையினின்றும் வேறாக அமைத்த விறாந்தைக் கூரையும் இதற்கு விடை. விறாந்தை பறந்தாலும் வீடு நிற்கும்.

மூன்றாவது புகை. வீட்டுக்குள் எரியும் விறகு முதலியவற்றின் மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காற்றுக்குக் கீழ்ப்புறத்தில் அடுக்களை அமைக்கவேண்டும் என்பது பொதுவிதி. பருவத்தோடு காற்று திசைமாறும் வாவிக்கரையில் நிலையான கீழ்ப்புறம் கிடையாது. வாடையில் வெளியே போன புகை கச்சானில் உள்ளே வரும். ஆதலாற் புகைபோக்கி இங்கு கட்டாயமானது. அப்புகையை நாள்தோறும் உட்கொள்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதால், புகைபோக்கியின் செலவு திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது தற்செயலானதா என்ற கேள்வியும் எழுகின்றது.

நான்காவது காரணம் இப்பிரதேசத்தின் உறவுமுறையிலே வேரூன்றியது. மட்டக்களப்புத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெண்வழிச் செல்வம். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே தமது ஆய்வுகளில் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். மகளின் திருமணத்துக்கு வீடு வேண்டும். அடுத்த மகளுக்கு இன்னொன்று வேண்டும். தாயின் வளவு துண்டாகும். முன்வீட்டின் காற்றுவழியிற் பின்வீடு எழும். பெண்ணுக்கு நிலைத்த உறைவிடத்தைத் தரும் இவ்வழக்கத்தைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. முதல் வீட்டைக் கட்டும்போதே அடுத்த வீடுகளின் இடத்தைக் குறித்து, கிழக்கு மேற்காக ஓர் ஒழுங்கையளவு வெளியை எவருக்கும் எழுதாது பொதுவில் விடுவதே வேண்டுவது. மதிலின் மேற்பாதியைத் துளைக்கற்களால் அமைப்பின் மறைவும் இருக்கும்; காற்றும் வரும்.

கச்சான் காலத்து நண்பகலில் மேற்குச் சாளரங்களை மூடிவைக்கும் முதியோர் செயலும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. வெளிக்காற்று உள்ளிருப்பதிலும் சூடாக உள்ள வேளையில் அதனை அழைப்பது வெப்பத்தை அழைப்பதாகும். பகலில் மூடி, மாலை தணிந்தபின் யாவற்றையும் திறக்கும் அவ்வழக்கம் இற்றைக் கட்டட விஞ்ஞானத்துக்கும் உடன்பாடானது.

7. முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால், வாவிக்கரை வீட்டின் காற்றோட்டத் தெரிவு கடையிலே செய்யப்படுவதன்று; நிலத்திலும் வரைபடத்திலும் செய்யப்படுவது என்பது புலனாகும். நிழலும் கூரையும் முதலில், எதிரெதிர்த் திறப்புகள் அடுத்து, உயர்ந்த வழி அதன்பின், இயந்திரம் இறுதியில். இவ்வரிசை தலைகீழாகும்போது அதன் செலவை மின்கட்டணமாகவும் உறக்கமின்மையாகவும் செலுத்துவோர், வரைபடத்தைத் தாமே தீர்மானிக்கும் வசதியற்றோர்.

எனவே இனி எழும் வீட்டுத்திட்டம் ஒவ்வொன்றிலும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதப்படல் வேண்டும். படுக்கையறைக்குள் காற்று எப்பக்கத்தால் வந்து எப்பக்கத்தாற் போகும்? கூரையின் கீழ்ச் சூடு எவ்வழியால் வெளியேறும்? அடுப்பின் புகை இரு பருவங்களிலும் எங்கு செல்லும்? மின்சாரம் இல்லாத இரவில் அவ்வீட்டிற் குழந்தை உறங்குமா? இவற்றுக்கு விடை கூற இயலாத வரைபடம், எத்தனை சதுர அடி உடையதாயினும், வீட்டின் வரைபடம் ஆகாது. அவ்விடைகளைத் தேடி வளவுகளுக்குச் சென்று, வெப்பமானியும் காற்றுமானியும் கொண்டு அளந்து, அங்கு வாழும் பெண்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் பணி எமது பல்கலைக்கழகங்களின் முன் உள்ளது.